நான்காவது இடத்தில்

நரின் ஆற்றங்கரையில் கால்நடை அலுவலகம்.
ஹீட்டருக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
மே மாதம் மலையேறிய ஆடுகள் ஒரு ஷீட்டில்,
அக்டோபரில் இறங்கியவை இன்னொன்றில்.
காதில் மஞ்சள் வில்லை, வில்லையில் எண்.
நடுவில் செப்டம்பர்,
நாள் தவறி வந்த பனி.

"வெள்ளிக்குள் இரண்டையும் பொருத்தி வை, துமார்"
என்றார் மேலாளர்.
இரண்டாயிரத்து இருநூறு ஆடுகள்.
விரல் வைத்துத் தேடினாலும் வெள்ளிக்குள் முடியும்,
எந்த வருடத்து வெள்ளி என்பதுதான் தெரியாது.

ஆகவே யூடியூப்.
ஓம்ஸ்க் நகரத்து ஆள், முகம் காட்டமாட்டார்.
அம்புக்குறி நடக்கும், பின்னால் ஒரு கரகரத்த தொண்டை.
நாலாவது நிமிடத்தில் அவர் வீட்டு நாய் குரைக்கும்.
"பொறு, பூஸ்யா" என்பார்,
அதே மூச்சில் "செமிகோலன் போடுங்கள்" என்பார்.
வேகம் பிடிபடாமல் முக்காலாகக் குறைத்தேன்.
குடித்தவர் போலப் பேசினார்.
நாயும் குடித்திருந்தது.

அவர் பட்டியலில் ஆப்பிள், பேரிக்காய், பிளம்ஸ்.
எதுவும் சாகாத பட்டியல்.
எதைத் தேட, எங்கே தேட, எத்தனையாவது பத்தி:
மூன்றையும் தடுப்பூசி அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டேன்.
நாலாவதைச் சொல்ல வாயெடுத்தார்,
மின்சாரம் போயிற்று.

மறுநாள் மூன்றோடு நிறுத்திக் கீழே இழுத்தேன்.
சரசரவென்று பத்தி நிறைய எடைகள்.
ஓர் ஆடு பாக்கியில்லை!
மேலாளர் கையெழுத்திட்டார்,
எனக்கொரு சாக்லேட் தந்தார்.

திங்களன்று சுயுன் வந்தார், பூட்ஸில் சேறோடு.
"நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு
முப்பத்தெட்டு கிலோவாமே.
பாறைக்கடியில் விட்டுவிட்டு வந்தேன் அதை,
இமையெல்லாம் பனியோடு.
காட்டு. ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறேன்."
சிரிக்கிறாரா என்று பார்த்தேன்.
இல்லை.

இரவு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஓம்ஸ்க்காரர்.
நாலாவதை எழுதாமல் விட்டால்
கேட்டது கிடைக்காதபோது
அதற்கு முந்தையதை எடுத்து நீட்டிவிடும்,
வாய் திறந்து சொல்லாது.
இல்லை என்று சொல்லக் கூச்சப்படும் சூத்திரம்.
ஜக்ஷிலிக்கின் ஆட்டு எடையைத்தான்
சுயுன் தலையில் கட்டியிருக்கிறேன்.

"நாலாவது இடத்தில் பொய் என்று எழுதுங்கள்."
எங்கள் ஆபீஸ் எக்செல் ரஷ்ய மொழியில் பேசும்.
அதில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பொய்தான், வேறில்லை.
எழுதினேன், பொய்.
எண்டர் தட்டியதும் உண்மை வந்தது:
தரவு இல்லை.
கீழே இன்னொன்று, தரவு இல்லை.
மொத்தம் அறுபத்துமூன்று.

அதில் ஒன்றை என் கண்ணால் பார்த்திருக்கிறேனே,
காது கிழிந்த கிடா, வாசலில் என் கோட்டை நக்கியது.
செல்லுக்குள் போய்ப் பார்த்தேன்.
எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி,
என் கட்டைவிரல் போட்டது,
கண்ணுக்குத் தெரியாதது.
அழித்தேன். கிடா பிழைத்தது.
நஷ்டஈட்டுப் பணத்தில் அடுப்பு வாங்க இருந்த கனிஷாய்
அது உயிரோடிருப்பதற்காக
அன்று முழுக்க அதைத் திட்டினாளாம்.

அறுபத்திரண்டு.
"பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது" என்றார் மேலாளர்.
"பிழை வந்தால் வெற்றிடமாகக் காட்ட
ஏதோ சூத்திரம் உண்டாமே,
மாவட்டத்தில் சொன்னார்கள்."
உண்டு. அடுத்த வீடியோவே அதுதான், ஆறு நிமிடம்.
பார்த்தாயிற்று. அதில் பூஸ்யா குரைப்பதில்லை.
"இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவில்லை" என்றேன்.

அச்செடுத்த தாளில் சுயுன்
பெருவிரலை வரிவரியாக இறக்கினார்.
பதினேழில் நின்றது விரல்.
"இங்கே என்ன போட்டிருக்கிறது?"
"இல்லை என்று."
கொஞ்சநேரம் அங்கேயே வைத்திருந்தார் விரலை.
பிறகு பேனா கேட்டார்.